ரோடு உடைக்கும் பிரேக்கர்: கைக்கு அதிர்வு ஏறாத மாதிரி நாமே ஒன்று செய்ய முடியுமா?

கொருக்குப்பேட்டை_லேத்
ஞாயிறு, இரவு 9:20

வணக்கம். கொருக்குப்பேட்டையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், அவ்வளவுதான். இது ஆர்டர் வேலை இல்லை. எங்கள் அண்ணனுக்காகக் கேட்கிறேன்.

அண்ணன் 14 வருடமாக பிரேக்கர் ஓட்டுகிறார். சாக்கடை இணைப்பு, தண்ணீர்க் குழாய், கேபிள் என்று எதற்குத் தெருவை உடைக்க வேண்டியிருந்தாலும் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கத்து மேஸ்திரிகள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் சந்துகளுக்குள் டிராக்டர் கம்ப்ரசர் திரும்பாது. அதனால் கரன்ட்டில் ஓடும் 16 கிலோ பிரேக்கர்தான். பக்கத்து வீட்டு பிளக்கில் ஒயரைச் சொருகி நாள் முழுக்க ஓட்டுவார்.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா டீ கொடுத்தார்கள். டம்ளரை வலது கையில் வாங்கி, இடது உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டே குடித்தார். ஏன் என்று கேட்டேன். "பிடிச்சிருக்கேனா இல்லையான்னு விரலுக்குத் தெரிய மாட்டேங்குதுடா" என்றார். சட்டைப் பட்டனை அண்ணிதான் போட்டுவிடுகிறாராம். ராத்திரியில் விரலெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்து தூக்கம் கலைகிறதாம். அவருக்கு 41 வயது.

என் யோசனை இதுதான். கான்கிரீட் போடும்போது உள்ளே விடுகிற நீடில் வைப்ரேட்டர் இருக்கிறதே, அதே முறை. மோட்டார் ஷாஃப்டில் 1 கிலோ எடையை மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளிப் பொருத்தி 3000 ஆர்.பி.எம்.மில் சுற்றவிட வேண்டும். அதன் கீழே உளி. சுத்தியல் அடியே கிடையாது, அதிர்வாலேயே ரோடு பிளக்க வேண்டும். அடி இல்லை என்றால் கைக்கும் ஏறாது என்று நினைக்கிறேன். படம் போட்டு வைத்திருக்கிறேன். இரும்பு வாங்குவதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.


எண்ணூர்_டிசைன்
ஞாயிறு, இரவு 11:05

தம்பி, இரும்பு வாங்க வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன அளவில் சுழலும் எடை தரும் விசை சுமார் 2000 நியூட்டன். கிட்டத்தட்ட 200 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். ஆனால் அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் விசை. ஒரு சுற்றில் பாதி நேரம் கீழே தள்ளும், மீதி நேரம் மெஷினை மேலே தூக்கும். கான்கிரீட் அதற்கு அசையாது. மண்ணும் ஜல்லியும் இறுகும், அவ்வளவுதான். நீடில் வைப்ரேட்டரை எதற்காக விடுகிறோம்? கான்கிரீட்டை இறுக்குவதற்கு.

இப்போது அண்ணன் கையில் இருக்கும் பிரேக்கரைப் பாருங்கள். உள்ளே ஏறக்குறைய 800 கிராம் எடையுள்ள ஸ்ட்ரைக்கர், அதாவது உளியை அடிக்கும் சுத்தியல், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் 40 ஜூல். ஒரு கிலோ எடையை நாலு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றல். பெரிதாகத் தோன்றாது. ஆனால் எஃகும் எஃகும் மோதும்போது உளிக்குள் ஒரு அழுத்த அலை கிளம்பும். எஃகுக் கம்பியில் அது நொடிக்கு 5100 மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த அலையின் அழுத்தம் எஃகின் அடர்த்தி, அலை வேகம், மோதும் வேகம் மூன்றையும் பெருக்கியதில் பாதி. சுமார் 200 மெகாபாஸ்கல் வரும். 30 மி.மீ. விட்டமுள்ள உளியில் அது 1,41,000 நியூட்டன், அதாவது 14 டன். அது நீடிக்கும் நேரம் ஒரு நொடியில் பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு.

உங்கள் வைப்ரேட்டர் 200 கிலோ, இது 14 டன். கான்கிரீட் அந்த நொடிப்பொழுது 14 டன்னுக்குத்தான் பிளக்கிறது. ஆகவே அடியை எடுத்துவிட முடியாது. அடி கீழே இருக்கட்டும், மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வடிவமைப்பு.


பெரம்பூர்_மெக்
திங்கள், காலை 7:40

ஐயா சொல்வதில் ஒரு சந்தேகம். நான் மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். வெளிநாடுகளில் பழைய கான்கிரீட் நெடுஞ்சாலைகளை அதிர்வாலேயே நொறுக்கும் மெஷின் இருக்கிறது என்று படித்தேன். ஒத்ததிர்வு முறை. நொடிக்கு 44 முறை, ஒரு அங்குலத்துக்குள் அசையும் ஒரு பெரிய எஃகு உத்திரத்தின் முனை ரோட்டைத் தட்டிக்கொண்டே போகும். அப்படியானால் அதிர்வாலும் உடைக்கலாம்தானே?


எண்ணூர்_டிசைன்
திங்கள், காலை 8:15

நல்ல கேள்வி. அந்த மெஷின் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் முனையும் ரோட்டில் மோதத்தான் செய்கிறது. உத்திரம் அதன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடுவதால் குறைந்த சக்தியில் தொடர்ந்து மோத முடிகிறது, அதுதான் அதன் சூட்சுமம். பின்னால் பல டன் எடையுள்ள வண்டி அதை அமுக்கிக்கொண்டிருக்கிறது. கையில் பிடிக்கும் கருவிக்கு அந்தப் பல டன்னை யார் கொடுப்பது? ஓட்டுகிறவர் உடம்புதான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, அது நீளமான திறந்த சாலைக்கான மெஷின். வண்ணாரப்பேட்டைச் சந்தில் இரண்டு பக்கமும் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகள், அடியில் தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், கேபிள். அங்கே அதைக் கொண்டு போகக் கூடாது.


வியாசை_மேஸ்திரி
திங்கள், மதியம் 1:30

நான் படிச்சவன் இல்லை. 26 வருஷமா இந்த வேலைதான். மெஷினைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி உடைக்கிற முறையைச் சொல்றேன், ஏன்னா பாதிக் கைவலி அங்கேதான் ஆரம்பிக்குது.

புதுசா வர்ற பசங்க ரோட்டு நடுவுல உளியை நட்டு அமுக்குவாங்க. கான்கிரீட்டுக்கு ஓடுறதுக்கு இடம் வேணும். முதல்ல ஒரு ஓட்டை போட்டு விளிம்பைத் திறக்கணும். அப்புறம் விளிம்புலேருந்து நாலு விரக்கடை, அரை ஜாண் தள்ளி வைச்சு அடிச்சா தானா துண்டு துண்டா கழண்டு வரும். ரெண்டு மூணு நொடி அடிச்சும் விரிசல் ஓடலையா, இடம் தப்புன்னு அர்த்தம். எடுத்து மாத்தி வைக்கணும். அங்கேயே நின்னு ஓட்டினா உளி புதைஞ்சு மாட்டிக்கும், அடி பூரா திரும்பிக் கைக்குத்தான் வரும்.

தார் ரோடு வேற கதை. எங்க பக்கம் சில தெருவுல தோண்டினா தார் மேல தாரா அடுக்கடுக்கா இருக்கும். மத்தியான வெயில்ல கூர் உளி போட்டா அல்வாவுல குச்சி சொருகின மாதிரி இறங்கி நின்னுடும். அதுக்கு அகல உளிதான். காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சா தார் இறுகி இருக்கும், பாளம் பாளமா பெயரும். அதே தெருவை பதினொரு மணிக்கு உடைச்சா ரெண்டு மடங்கு நேரம்.

அண்ணன் மெஷினை அமுக்கி ஓட்டுறாரா, இல்ல அதோட கனத்துலயே விடுறாரா? அதைக் கேட்டுச் சொல்லுங்க தம்பி.


எண்ணூர்_டிசைன்
திங்கள், மாலை 6:50

மேஸ்திரி சொல்வதுதான் இந்த விஷயத்தின் அடிப்படை. எம் 30 கான்கிரீட் அமுக்கத்தில் 30 மெகாபாஸ்கல் தாங்கும். வளைத்தால் நம் ஐ.எஸ். 456 சூத்திரப்படி 3.8 தான். எட்டில் ஒரு பங்கு. நடு ரோட்டில் குத்துகிறவர் கான்கிரீட்டின் பலத்தோடு மோதுகிறார். விளிம்பிலிருந்து உடைக்கிறவர் அதன் பலவீனத்தில் கை வைக்கிறார். மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்குமே, அவை ஆப்பு அடித்துப் பிளக்க வெட்டியவை. பாறையை நொறுக்காமல் விரித்துப் பிளந்திருக்கிறார்கள். அதே புத்திதான் இது.


கொருக்குப்பேட்டை_லேத்
திங்கள், இரவு 10:10

எண்ணூர் ஐயாவுக்கும் மேஸ்திரி அண்ணனுக்கும் நன்றி. வைப்ரேட்டர் யோசனையை விட்டுவிட்டேன்.

அண்ணனிடம் கேட்டேன். வயிற்றைக் கொடுத்து அமுக்கித்தான் ஓட்டுகிறாராம். "அமுக்கலேன்னா துள்ளுதுடா" என்கிறார். பிரேக்கரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தோம். மோட்டார், கியர், கிராங்க். கிராங்க் ஒரு பிஸ்டனை ஆட்டுகிறது. அந்த பிஸ்டனுக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அண்ணன் 14 வருடமாகத் தூக்குகிற மெஷினுக்குள் காற்றுதான் சுத்தியலைத் தள்ளுகிறது என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

ஸ்ட்ரைக்கரில் ஓ ரிங் தேய்ந்திருந்தது. மாற்றிப் புது கிரீஸ் வைத்ததும் அடி கூடியிருக்கிறது. ஆனால் கைக்கு வருவது குறையவில்லை. அடி உளிக்குத்தானே போகிறது, பிறகு பிடி ஏன் இப்படி ஆடுகிறது?


எண்ணூர்_டிசைன்
செவ்வாய், காலை 9:30

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், உங்கள் வடிவமைப்பே இதில்தான் இருக்கிறது.

காற்று ஸ்ட்ரைக்கரைக் கீழே தள்ளும்போது, அதே விசை பிஸ்டன் வழியாகக் கிராங்குக்கும் கிராங்க் வழியாக மெஷினின் உடம்புக்கும் மேல்நோக்கி வருகிறது. ஸ்ட்ரைக்கர் கீழே போனால் உடம்பு மேலே, அது மேலே வந்தால் உடம்பு கீழே. 0.8 கிலோ ஸ்ட்ரைக்கர் 60 மி.மீ. ஓடினால் 16 கிலோ உடம்பு 3 மி.மீ. ஆட வேண்டும். மையத்திலிருந்து ஒன்றரை மி.மீ. நிமிடத்துக்கு 1300 அடி என்றால் நொடிக்கு ஏறக்குறைய 21.7. அந்த வேகத்தில் ஒன்றரை மி.மீ. ஆட்டம் சராசரியாக 20 மீட்டர்/நொடி² முடுக்கம் தரும். புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்கு, அண்ணன் உள்ளங்கையில், நொடிக்கு இருபத்தொரு முறை.

அமுக்கிப் பிடித்தால் அது குறையாது. கை மெஷின் உடம்போடு ஒட்டிக்கொள்வதால் முழங்கை, தோள்பட்டை வரை போகும்.


ராயபுரம்_செவிலி
செவ்வாய், மதியம் 3:15

தொழிற்சாலை மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவள். இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் அண்ணனுக்கு இருப்பதற்குப் பெயர் உண்டு. கை-அதிர்வு நோய்க்குறி என்பார்கள். 1918ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் குவாரிகளில் காற்றுச் சுத்தியல் பிடித்த கல்தச்சர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். விரல் நுனியில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் அதிர்வு கெடுக்கிறது. குளிர் நாடுகளில் விரல் வெளுப்பதுதான் முதலில் கண்ணில் படும். நம் ஊர்ச் சூட்டில் அது தெரியாமலே போகலாம். மரத்துப்போவது, ஊசி குத்துவது, பிடி தளர்வது, பட்டன் போட முடியாமல் போவது, இவைதான் இங்கே அடையாளம். விரல் வெளுக்கவில்லையே, ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஐரோப்பாவில் 2002இல் வந்த விதிப்படி எட்டு மணி நேரச் சராசரியாக 5 மீட்டர்/நொடி² என்பது தாண்டக்கூடாத எல்லை. 2.5ஐத் தொட்டாலே நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். எண்ணூர் ஐயா சொன்ன 20 என்றால் அந்த எல்லை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2.5ஐத் தொட ஏழரை நிமிடம் போதும். அதிர்வு பாதியானால் அனுமதிக்கும் நேரம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள்.

மருத்துவரிடம் கட்டாயம் கூட்டிப் போங்கள். என்ன வேலை செய்கிறார் என்பதைச் சொல்லியே காட்டுங்கள், இல்லையென்றால் வைட்டமின் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். சர்க்கரையும் பார்க்க வேண்டும், அதுவும் விரலை மரக்க வைக்கும். மணிக்கட்டு நரம்பு நசுங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பீடி பிடிப்பவராக இருந்தால் விடச் சொல்லுங்கள், நிகோட்டின் அந்த ரத்தக்குழாய்களை இன்னும் சுருக்கும். நரம்பு ரொம்பக் கெட்டுவிட்டால் திரும்ப வருவது கடினம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, தள்ளிப்போடாமல் போவதற்காகச் சொல்கிறேன்.


மணலி_சப்ளை
செவ்வாய், மாலை 5:00

அதிர்வு தடுக்கும் கையுறை விற்கிறார்களே, அதை வாங்கிக் கொடுத்தால் முடிந்ததே.


ராயபுரம்_செவிலி
செவ்வாய், மாலை 5:40

அந்தக் கையுறை கிரைண்டர் மாதிரி வேகமாகச் சுற்றும் கருவிகளுக்கு ஓரளவு உதவும். நொடிக்கு 20 என்ற மெதுவான, பெரிய ஆட்டத்தை அது அப்படியே கடத்திவிடும். காயம் படாமலிருக்கக் கையுறை போடட்டும். ஆனால் அதை நம்பிக் கூடுதல் நேரம் ஓட்டக் கூடாது.


எண்ணூர்_டிசைன்
புதன், காலை 10:20

இப்போது பிடிக்கு வருவோம். உடம்பு ஆடட்டும், பிடி மட்டும் நிற்க வேண்டும். நடுவில் ஸ்பிரிங்.

பிடியும் சட்டமும் சேர்ந்து ஒரு தனி எடை. அது ஸ்பிரிங்கின் மேல் தன் இயல்பில் எத்தனை முறை ஆடும் என்பதுதான் முக்கியம். அடியின் வேகத்தைவிட அது நன்றாகக் குறைவாக இருந்தால்தான் தடுக்கும். பாதியாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு அதிர்வு ஏறும். மூன்றில் ஒரு பங்காக இருந்தால் எட்டில் ஒரு பங்குதான் ஏறும். இது உராய்வில்லாத ஏட்டுக் கணக்கு. கடையில் கிடைக்கும் ரப்பர் வாஷரைப் போட்டால் பிடியின் இயல்பான ஆட்டம் 21.7க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அப்போது அதிர்வு குறையாமல் கூடிவிடும். ரப்பர் போட்டும் பயனில்லை என்று பலர் சொல்வது இதனால்தான்.

பிடியின் இயல்பான ஆட்டம் நொடிக்கு 7 என்று வைப்போம். பிடி 4 கிலோ என்றால் மி.மீ.க்கு 7.7 நியூட்டன் ஸ்பிரிங் வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, ஒவ்வொன்றும் 3.85. கம்பி 3.5 மி.மீ., சுருளின் நடு விட்டம் 35 மி.மீ., வேலை செய்யும் சுற்று 9. கணக்குச் சரியாக வருகிறது.

சிக்கல் எங்கே தெரியுமா? அண்ணன் 20 கிலோ அமுக்கம் கொடுத்தால் அந்த ஸ்பிரிங் 26 மி.மீ. இறங்கும். 40 கிலோ கொடுத்தால் சுருள் ஒன்றோடொன்று முட்டிவிடும். முட்டிய ஸ்பிரிங் வெறும் இரும்புத் துண்டு, அதிர்வு நேராகக் கைக்கு. ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் தடுக்காது. மிருதுவாக்கினால் முட்டும். கையால் பிடிக்கும் எல்லா உடைப்புக் கருவிகளிலும் வடிவமைப்பாளர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அதனால் 35 மி.மீ. இறங்க இடம் விட்டு, கடைசியில் ரப்பர் முட்டு வையுங்கள். மெஷினைத் தூக்கும்போது பிடி கழண்டு வராமலிருக்க மேல் பக்கமும் ஒரு முட்டு வேண்டும்.


வியாசை_மேஸ்திரி
புதன், மதியம் 2:00

ஐயா, பிடி ஆடினா உளி எங்கே போகும்? குழாய் பக்கத்துல ஒடைக்கிறப்போ ரெண்டு விரக்கடை தப்பினா தெருவுக்கே தண்ணி போயிடும். வழுக்குற பிடியை எந்த ஆளும் தொட மாட்டான். இது எனக்குச் சரியாப் படலை.


எண்ணூர்_டிசைன்
புதன், மதியம் 2:45

நியாயமான பயம். மேல்-கீழ் திசையில் மட்டும்தான் மிருதுவாக இருக்க வேண்டும். பக்கவாட்டிலும் திருகும் திசையிலும் பிடி உடம்போடு ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நீளமான வழிகாட்டித் தண்டு, அதன் மேல் வழுக்கி ஓடும் புஷ் என்ற உறை. தண்டு குட்டையாக இருந்தால் பிடி கோணிக்கொண்டு புஷ்ஷில் மாட்டும். புஷ்ஷின் நீளம் தண்டின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும்.


பெரம்பூர்_மெக்
புதன், இரவு 9:00

ஸ்பிரிங் பிடிக்குப் பதிலாக, உடம்போடு ஒரு எதிர் எடையை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால்? 21.7க்குச் சுருதி சேர்த்துவிட்டால் உடம்பின் ஆட்டத்தையே அது வாங்கிக்கொள்ளும். பாடத்தில் இருக்கிறது.


எண்ணூர்_டிசைன்
புதன், இரவு 9:35

செய்யலாம், சில கம்பெனிகள் செய்யவும் செய்கின்றன. ஆனால் அது ஒரே வேகத்துக்குத்தான் வேலை செய்யும். நம் தெருக்களில் மின்னழுத்தம் மாலையில் இறங்கும். 1.5 சதுர மி.மீ. ஒயரை 50 மீட்டர் இழுத்தாலே 9 வோல்ட் ஒயரிலேயே போகிறது. வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் மின்னணுச் சுற்று இல்லாத மோட்டார் என்றால் அடியின் எண்ணிக்கை இறங்கும், சுருதி கலையும். ஸ்பிரிங் பிடி அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். முதல் முயற்சிக்கு அதுவே போதும்.

ஒயர் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: ஈரத் தெருவில் ஓட்டுகிறார், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே விழும் பாதுகாப்பு சுவிட்ச் (ஆர்.சி.சி.பி.) ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.


கொருக்குப்பேட்டை_லேத்
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு மாலை 7:10

செய்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஸ்பிரிங் சுற்றும் பட்டறையில் ஐயா சொன்ன அளவைக் கொடுத்து நாலு சுற்றி வாங்கினேன், இரண்டு உபரி. 16 மி.மீ. பிரைட் ராடில் வழிகாட்டித் தண்டு, 50 மி.மீ. நீளத்தில் பித்தளை புஷ். பழைய பிடியைக் கழற்றி சட்டத்தில் பொருத்தினேன்.

அளப்பதற்குத் தம்பி பெரம்பூர்_மெக் நேரிலேயே வந்தார். முதலில் மொபைலைக் கட்டிப் பார்த்தோம். மொபைல் சென்சார் இந்த அடிக்கு நிரம்பி வழிந்து தப்பான எண்ணைக் காட்டுகிறது என்று அவர்தான் கண்டுபிடித்தார். அப்புறம் ரிச்சி தெருவில் 200 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல 200 மடங்கு வரை அளக்கும் ஏ.டி.எக்ஸ்.எல். 377 சென்சார் வாங்கி, இரும்புக் கிளாம்ப்பில் பிடியோடு இறுக்கினோம். கைக்கு ஏறும் அதிர்வை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 5349 எடையிடும் முறைப்படி அவரே லேப்டாப்பில் கணக்குப் போட்டார்.

பட்டறைக்குப் பின்னால் கிடந்த பழைய கான்கிரீட் பாளத்தில் ஓட்டினோம். பழைய பிடியில் 18 மீட்டர்/நொடி². புதுப் பிடியில் 9. எட்டில் ஒரு பங்கு வரும் என்று நினைத்தேன், பாதிதான் வந்தது. இருந்தாலும் அண்ணன் அணைத்துவிட்டுப் பிடியைக் குனிந்து பார்த்தார். "ஓடுதா இல்லையான்னு சத்தத்தை வெச்சுத்தான் தெரியுது" என்றார்.

மூன்று நாள் கழித்து, பழையபடி ஏறுகிறது என்று கொண்டுவந்தார். அளந்தால் 14. கழற்றினால் புஷ்ஷுக்குள் சாம்பல் நிறத்தில் களி மாதிரி அப்பியிருந்தது. கான்கிரீட் தூசி, அவர் தூசி பறக்காமலிருக்கத் தெளிக்கும் தண்ணீர், என் கிரீஸ் மூன்றும் சேர்ந்து அரைத்த பசை. விரலால் எடுத்துத் தேய்த்தால் எமரி தாள் மாதிரி உரசியது. பிடி பாதி நேரம் மாட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறது.


எண்ணூர்_டிசைன்
ஞாயிறு, இரவு 8:30

பாதி வந்ததே பெரிய விஷயம் தம்பி. 18இல் 37 நிமிடத்தில் முடிகிற எல்லை, 9இல் இரண்டரை மணி நேரம் போகும். புஷ் உராய்வுதான் மீதியைத் தின்கிறது. கிரீஸை எடுத்துவிடுங்கள். பித்தளைக்குப் பதில் நைலான் புஷ், கிரீஸ் இல்லாமல். தண்டுக்கு மேல் ரப்பர் பெல்லோஸ். ஆட்டோ, கார் ஸ்டீயரிங்கில் வரும் பூட் இருக்கிறதே, அந்த மாதிரி அளவு பார்த்து மாட்டுங்கள்.


வியாசை_மேஸ்திரி
ஞாயிறு, இரவு 9:15

நேத்து அவரோட ஒரே சைட்ல இருந்தேன். அவர் பிரேக்கரை வாங்கி பத்து நிமிஷம் ஓட்டினேன். உளி சொன்ன இடத்துல நிக்குது. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ஆனா அமுக்கினா கீழ முட்டுது, முட்டினதும் கைக்குத் தெரியுது. அது ஒரு விதத்துல நல்லதுதான். அமுக்காதேன்னு மெஷினே சொல்லுது. என் பசங்க ரெண்டு பேருக்கும் அதே மாதிரி வேணும். கூலியைச் சொல்லுங்க.

அவரைத் தனியா விடாம ஆள் மாத்தி ஓட்டச் சொல்லியிருக்கேன். இருபது நிமிஷம் இவர், இருபது நிமிஷம் என் பையன். நடுவுல கல்லை அள்ளுறது.


கொருக்குப்பேட்டை_லேத்
அடுத்த ஞாயிறு, இரவு 9:45

நைலான் புஷ்ஷும் பெல்லோஸும் போட்டு ஒரு வாரம் ஓடியிருக்கிறது. அளந்தால் 8. களி ஏறவில்லை. மேஸ்திரி அண்ணா, கூலி பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம், முதலில் உங்கள் மெஷின்களைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மெஷினின் உடம்பும் வேறு, அளந்துதான் சட்டம் வெட்ட வேண்டும்.

செவிலி அக்கா, அண்ணனை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வேலையைச் சொல்லியே காட்டினோம். சர்க்கரை இல்லை. நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், வியாழக்கிழமை போகிறோம். பீடியை இன்னும் விடவில்லை, குறைத்திருக்கிறார்.

எண்ணூர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பிடி இறங்குவதால் அண்ணன் முன்பைவிடக் கொஞ்சம் குனிந்து ஓட்டுகிறார், சாயங்காலம் இடுப்பு வலிக்கிறது என்கிறார். சட்டத்தை 40 மி.மீ. உயர்த்தினால் தண்டும் நீளும். 16 மி.மீ. தண்டு அதே விறைப்பைக் கொடுக்குமா, இல்லை 20க்குப் போக வேண்டுமா? 20 போட்டால் எடை கூடுமே என்று யோசிக்கிறேன்.


எண்ணூர்_டிசைன்
ஞாயிறு, இரவு 10:20

20க்குப் போங்கள், ஆனால் குழாயாகப் போடுங்கள். 20 மி.மீ. வெளி விட்டம், 3 மி.மீ. கனம். 16 மி.மீ. முழு ராடைவிட எடை குறையும், வளைவுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பு. உள்ளே தூசி போகாமல் இரண்டு முனையையும் வெல்டிங் வைத்து அடைத்துவிடுங்கள். வெல்டிங் சூட்டில் குழாய் கோணும், அதனால் அடைத்த பிறகு லேத்தில் ஏற்றி ஒரு முறை ஓட்டம் பார்த்துவிட்டு புஷ்ஷைப் போடுங்கள்.